சுங்கச் சாவடி முதல் தேசியக் குழு வரை

பண்டத்தை விற்பவன் ஒருவன். அதனை வாங்குபவன் மற்றொருவன். இவ்விருவர்க்கும் இடையே எத்தனை பேர் நிற்கின்றனர், அவர்களுள் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கின்றனர் என்பதே வணிக வரலாற்றின் சரிபாதி எனலாம். மறுபாதியாகிய கப்பல், சந்தை, விலை ஆகியவற்றைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. வழியில் நிற்பவர்களைப் பற்றிய கதையை எடுத்துரைப்போர் சிலரே. அக்கதையை, கடலில்லாத பெருநகரமாகிய ஹைதராபாத்தைச் சான்றாகக் கொண்டு நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வளர்ந்து வரும் நாடுகள் பலவற்றில் இன்று 'வணிக வசதிக்கான தேசியக் குழு' என்னும் பெயரில் ஓர் அமைப்பு இயங்குகிறது. பெயர் கேட்பதற்குச் சற்று வறட்சியாகவே இருக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இச்சொல் எளிதில் வாய்த்துவிடவில்லை. 'வசதி' என்றால் சலுகை என்று பொருள் கொள்வாருண்டு. 'எளிமை' என்றால் வரிக் குறைப்பு என எண்ணுவாருமுண்டு. உண்மையில் இஃது இரண்டுமன்று. வரியின் அளவு எதுவாயினும் ஆகுக. அதனைச் செலுத்தும் முறை தெளிவாகவும், விரைவாகவும், யாவர்க்கும் ஒன்றாகவும் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று.

தமிழ் மக்களுக்குச் சுங்கம் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களின்மீது சோழனது புலி முத்திரையைப் பொறித்த அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. 1070ஆம் ஆண்டில் பட்டமெய்திய முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்னும் பட்டப்பெயர் வழங்கியது. ஒரு வரியை நீக்கியதே ஒரு பேரரசனுக்குப் பெயராகி நிலைத்தது என்றால், அவ்வரி மக்கள் மனத்தை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

தெலுங்கு நாட்டிலும் இதற்கு இணையான சான்று ஒன்று உண்டு. ஓருகல்லைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காகதீய மன்னன் கணபதிதேவன், கீழைக் கடற்கரையில் உள்ள மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 1244-45ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டைப் பொறித்தான். கடல் கடந்து வரும் வணிகர்களுக்கு அவன் அளித்த அபய சாசனம் அது. புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னைய அரசர் தமதாக்கிக் கொண்டனர் என்றும், தான் அவ்வாறு செய்யாமல் வரையறுக்கப்பட்ட சுங்கம் ஒன்றை மட்டுமே பெறுவதாகவும் அம்மன்னன் அதில் அறிவிக்கின்றான். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் முப்பதில் ஒரு பங்கு என்பது அவன் வகுத்த பொது விகிதம். சந்தனம், கருப்பூரம், முத்து, தந்தம் முதலிய பண்டங்களுக்கு உரிய தீர்வைகளும் அதில் காணப்படுகின்றன.

இச்சாசனத்தின் சிறப்பு யாது? வரி இன்னதென்று முன்னரே கூறியது. அதனைக் கல்லில் வெட்டி அனைவரும் காண நிறுத்தியது. வந்தவர் யாராயினும் விதி ஒன்றே என்றது. வணிக வசதி என்று இன்றைய அறிஞர் பேசுவனவற்றுள் பாதி இம்மூன்றிலும் அடங்கிவிடுகிறது. ஆயினும் அது ஒரு மன்னனின் அருள். மன்னன் மாறினால் அருளும் மாறலாம்.

அவ்வாறு மாறியதையே கோல்கொண்டாவின் வரலாறு காட்டுகிறது. 1591ஆம் ஆண்டில் குதுப் ஷாஹி அரசர் ஹைதராபாத் நகரை நிறுவினர். அவ்வரசின் கடல் வாயிலாக விளங்கியது மசூலிப்பட்டினம். துணியும், எஃகும், வைரமும் அங்கிருந்து கப்பலேறின. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரரும், 1611ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் அங்கே வந்து பண்டகசாலை அமைத்தனர். அத்துறைமுகத்தின் நிர்வாகமோ குத்தகைக்கு விடப்பட்டது. மிகுந்த தொகைக்கு ஏலம் கேட்டவர் அதிகாரியானார். கொடுத்த தொகையையும் அதற்குமேல் ஊதியத்தையும் வணிகரிடமிருந்தும் குடிகளிடமிருந்தும் திரட்டிக் கொண்டார்.

இந்நிலையில் ஆங்கிலக் கம்பெனியார் ஒரு வழி கண்டனர். 1630களில் அவர்கள் சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவிடமிருந்து 'தங்க ஃபர்மான்' என வழங்கப்பெறும் ஆணையைப் பெற்றனர். ஆண்டுக்கு 500 வராகன் செலுத்திவிட்டு, கோல்கொண்டா அரசின் துறைமுகங்களில் தங்கு தடையின்றி வணிகம் செய்யும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. கம்பெனிக்குக் கதவு திறந்தது. ஆயினும் அதே துறையில் அதே துணியை விற்ற உள்நாட்டு வணிகனுக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. வலியவன் ஒருவனுக்கு வழிவிடுவது வேறு. வழியையே செப்பனிடுவது வேறு. மோட்டுப்பள்ளிக் கல்லுக்கும் தங்க ஃபர்மானுக்கும் உள்ள இவ்வேற்றுமையை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். நாம் பின்னர்ச் சொல்லப் போகும் செய்திக்கு இதுவே உரைகல்.

நிஜாம் ஆட்சியில் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே வட சர்க்கார்கள் எனப்பட்ட கடற்கரை மாவட்டங்கள் கம்பெனியின் கைக்குச் செல்லலாயின. ஹைதராபாத் இராஜ்யம் கடலை இழந்தது. இனி அதன் பண்டங்கள் பிறர் நிலத்தைக் கடந்தே கப்பலை அடைய வேண்டும். 1802ஆம் ஆண்டில் நிஜாமும் கம்பெனியும் ஒரு வணிக உடன்படிக்கை செய்து கொண்டனர். மசூலிப்பட்டினத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமை நிஜாமுக்கு அளிக்கப்பட்டது. வழியெங்கும் பெறப்பட்ட பல்வேறு தீர்வைகளுக்குப் பதிலாக, நூற்றுக்கு 5 வீதம் என்னும் ஒரே சுங்கம் வகுக்கப்பட்டது. ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடே. ஆனால் வரி வசூல் குத்தகைதாரர் கையில் இருந்த காலத்தில், ஏட்டிலுள்ள விகிதம் சாவடியில் நின்ற வண்டிக்காரனுக்கு எவ்வளவு துணை செய்திருக்கும்?

1853ஆம் ஆண்டில் திவான் பொறுப்பேற்ற முதலாம் சாலார் ஜங் இக்குறையை உணர்ந்தார். வரி வசூலைக் குத்தகைக்கு விடும் வழக்கத்தைப் படிப்படியாக ஒழித்து, ஊதியம் பெறும் அலுவலரை அமர்த்தினார். 'கரோட்கிரி' என்று வழங்கிய சுங்கத் துறை அரசின் நேரடிப் பார்வைக்கு வந்தது. 1874ஆம் ஆண்டில் வாடிக்கும் செகந்தராபாத்துக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டில் பாதை பெஜவாடாவை எட்டியது. வண்டி மாதக்கணக்கில் சென்ற தொலைவை இரயில் நாள் கணக்கில் கடந்தது. வேகம் வந்தது, ஆயினும் எல்லை மறையவில்லை. ஹைதராபாத்துக்குத் தனிச் சுங்கம் இருந்தது. தனி அஞ்சல் தலை இருந்தது. உஸ்மானியா சிக்கா என்னும் தனி நாணயமும் இருந்தது. ஹைதராபாத்தின் 7 ரூபாய் இந்திய 6 ரூபாய்க்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது. சென்னையிலிருந்து சரக்கு அனுப்பிய வணிகன் வரியோடு நாணய மாற்றையும் கணக்கிட வேண்டியவனானான்.

1947ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய அரசும் நிஜாமும் நிலைநிறுத்த ஒப்பந்தம் செய்து கொண்டபோது, இந்த எல்லை அரசியல் எல்லையாயிற்று. இந்திய நாணயத்தின் புழக்கத்துக்கு ஹைதராபாத் விதித்த தடையை இந்தியா எதிர்த்தது. இந்தியா தன்மீது பொருளாதார முற்றுகை இட்டதாக ஹைதராபாத் முறையிட்டது. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியப் படை புகுந்ததும், ஹைதராபாத் இந்தியாவுடன் ஒன்றியதும் யாவரும் அறிந்த வரலாறு. அரசியல் இணைப்பு சில நாட்களில் முடிந்தது. வணிக இணைப்புக்கோ பல ஆண்டுகள் தேவைப்பட்டன. தமிழரான வி. டி. கிருஷ்ணமாச்சாரியாரின் தலைமையில் சமஸ்தானங்களின் நிதிநிலையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. உள்நாட்டுச் சுங்கங்களை ஒரே நாளில் நீக்கினால் அரசுகளின் வருவாய் சரியும் என்பது அன்றைய கவலை. எனவே 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, நாடெங்கும் வணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்று 301ஆம் பிரிவில் முழங்கியபோதிலும், 306ஆம் பிரிவில் முன்னாள் சமஸ்தானப் பகுதிகளுக்குப் பத்தாண்டு வரை தவணை கொடுத்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பிரிவு நீக்கப்பட்டது.

உள்நாட்டில் இவ்வாறு எல்லைகள் மறைந்து கொண்டிருந்த அதே காலத்தில், வெளிநாட்டு வணிகத்தில் வேறொரு தடை வளர்ந்து வந்தது. அது காகிதம். ஒரு சரக்கு நாடு விட்டு நாடு செல்ல விலைப்பட்டி, கப்பல் சீட்டு, காப்புறுதி, நோயின்மைச் சான்று, உரிமம் எனப் பல தாள்கள் தேவைப்பட்டன. ஒரே செய்தியை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் இடத்தில், ஒவ்வொரு முறையில் எழுத வேண்டியிருந்தது. ஜெனீவாவில் உள்ள ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1960ஆம் ஆண்டு முதல் இதனை ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டில் எல்லாத் தாள்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பை வகுத்தது. அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. தாள்கள் பலவாக இருப்பதற்குக் காரணம், அவற்றைக் கேட்கும் அலுவலகங்கள் பலவாக இருப்பதே. சுங்கத் துறை, துறைமுகம், மருந்துக் கட்டுப்பாடு, பயிர் நோய்த் தடுப்பு ஆகிய ஒவ்வொன்றும் தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் ஒன்றின் செய்கை மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. எனவே 1974ஆம் ஆண்டில், ஒவ்வொரு நாடும் இத்துறைகளையும் வணிகரையும் ஒருங்கே அமர்த்தும் தேசிய அமைப்பு ஒன்றை நிறுவுக என்று ஜெனீவாவில் 4ஆம் பரிந்துரை வெளியாயிற்று. இன்றைய தேசியக் குழுக்களுக்கு வித்து இதுவே.

பரிந்துரை கட்டளையன்று. உதவி வழங்கும் நாடு கேட்டபோது குழு தோன்றுவதும், உதவி நின்றபின் குழு உறங்குவதும் ஏழை நாடுகள் பலவற்றில் நிகழ்ந்தன. இந்நிலையை மாற்றியது 2013ஆம் ஆண்டு டிசம்பரில் பாலித் தீவில் உலக வணிக அமைப்பின் அமைச்சர்கள் இசைந்த உடன்படிக்கை. அதன் 23ஆம் பிரிவு, ஒவ்வோர் உறுப்பு நாடும் ஒரு தேசியக் குழுவை அமைத்தோ, உள்ள அமைப்பொன்றை அதற்கெனக் குறித்தோ ஆக வேண்டும் என விதித்தது. வளரும் நாடுகள் எந்தக் கடமையை உடனே ஏற்பது, எதற்குத் தவணை வேண்டுவது, எதற்கு உதவி கோருவது என்பதைத் தாமே வகைப்படுத்திக் கொள்ளவும் அவ்வுடன்படிக்கை இடமளித்தது.

இந்தியா இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் கூற வேண்டும். எளிய மக்களுக்காகத் தானியம் கொள்முதல் செய்து சேமிக்கும் உரிமைக்கு நிலையான உறுதி கிடைக்காத வரையில் கையொப்பமில்லை என்று 2014ஆம் ஆண்டு ஜூலையில் நமது அரசு ஜெனீவாவில் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் அதற்கு ஓர் இசைவு ஏற்பட்ட பின்னரே காரியம் நகர்ந்தது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியா உடன்படிக்கையை உறுதி செய்தது. மே மாதத்தில் இலங்கையும் உறுதி செய்தது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் தேசியக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அமைச்சரவைச் செயலாளர். அதன் கீழ், வருவாய்த் துறைச் செயலாளரும் வணிகத் துறைச் செயலாளரும் கூட்டாகத் தலைமை தாங்கும் வழிநடத்துங் குழு. அதற்கும் கீழே, சட்டம், கட்டமைப்பு, பரப்புரை, கால அளவைக் கணித்தல் எனத் தனித்தனிப் பணிக்குழுக்கள். தலைமைப் பதவியில் ஏன் அமைச்சரவைச் செயலாளர் அமர்ந்தார் என்பது கருதத் தக்கது. சுங்கத் துறை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஆணையிட முடியாது. பயிர்க் காப்புத் துறை துறைமுகத்துக்கு ஆணையிட முடியாது. எல்லாத் துறைகளுக்கும் மேலாக அமர்ந்து 'இது ஏன் தாமதமாயிற்று?' என்று கேட்கக் கூடியவர் ஒருவர் வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான முதற் செயல்திட்டம், கேள்விக்கு அளவுகோலும் தந்தது. கடல் வழி இறக்குமதி 3 நாட்களுக்குள்ளும், வான் வழி இறக்குமதி 2 நாட்களுக்குள்ளும் விடுவிக்கப்பட வேண்டும். கடல் வழி ஏற்றுமதிக்கு 2 நாட்கள். வான் வழி ஏற்றுமதி அன்றைக்கன்றே என இலக்குகள் வகுக்கப்பட்டன. இதற்கு முன்னரே 2015ஆம் ஆண்டில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் கட்டாயமான தாள்கள் மும்மூன்றாகக் குறைக்கப்பட்டிருந்தன. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், உணவு, மருந்து, பயிர், கால்நடை, காட்டுயிர், நெசவு ஆகியவற்றைக் காக்கும் ஆறு அமைப்புகளுக்குத் தனித்தனியே விண்ணப்பித்தல் ஒழிந்து, கணினி வழியே ஒற்றைச் சாளரம் ஒன்று திறக்கப்பட்டது.

இவையெல்லாம் தில்லிச் செய்திகள். ஹைதராபாத்துக்கு இவற்றால் ஆவதென்ன? இந்நகரம் இன்றும் கடலில்லா நகரமே. சனத்நகரில் உள்ள உள்நாட்டுச் சரக்குப் பெட்டக நிலையமும், 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஷம்ஷாபாத் விமான நிலையமுமே இதன் மசூலிப்பட்டினங்கள். 1961ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மருந்து நிறுவனம் இங்கே தொழிற்சாலை அமைத்த நாள் முதலாக மருந்துத் தொழில் இங்கே வேரூன்றியது. இன்று இந்நகரத்து மருந்துகளும் தடுப்பூசிகளும் உலகெங்கும் செல்கின்றன. துணி சாவடியில் ஒரு வாரம் கிடந்தால் வணிகனுக்கு நட்டம். தடுப்பூசி வெயிலில் ஒரு பகல் கிடந்தாலோ, அதற்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு நட்டம். காலம் என்பது இங்கே பணத்தினும் பெரிது.

தேசியக் குழுவின் கை இங்கு வரை நீளுமாறு, 2015ஆம் ஆண்டிலேயே முதன்மையான சுங்க நிலையங்கள்தோறும் சரக்கு விடுவிப்புக்கான உள்ளூர்க் குழுக்கள் வகுக்கப்பட்டன. சுங்க ஆணையரின் தலைமையில் பிற துறை அலுவலர் அவற்றில் அமர்கின்றனர். வணிகர் தம் குறையை நேரே கூறும் நிலைக்குழுக் கூட்டங்களும் உண்டு. 2014ஆம் ஆண்டில் தெலங்கானா பிரிந்தபோது ஆந்திரப் பிரதேசத்துடன் புதிதாய் எழுந்த எல்லையில் வணிக வரிச் சோதனைச் சாவடிகளும் எழுந்தன. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அவை நீங்கின. 1802ஆம் ஆண்டு உடன்படிக்கை ஏட்டில் வேண்டியது, 215 ஆண்டுகள் கழித்துச் சாலையில் நிறைவேறியது எனலாம்.

ஆயின் உரைகல்லை மீண்டும் கையில் எடுப்போம். தேசியக் குழு மோட்டுப்பள்ளிக் கல்லா? தங்க ஃபர்மானா? இரண்டுக்கும் இதில் இடமிருக்கிறது. நம்பகமான வணிகர் என்று பதிவு பெற்றோரின் சரக்கைக் குறைந்த சோதனையோடு விடுவிக்கும் ஏற்பாடு உடன்படிக்கையிலேயே உள்ளது, அது வேண்டுவதே. ஆனால் கணக்கரும் சட்ட வல்லுநரும் வைத்திருக்கும் பெரிய நிறுவனமே அப்பதிவை எளிதிற் பெறும். இத்தகைய ஏற்பாடுகள் இயன்ற அளவு சிறு தொழிலினரைத் தடுத்தல் ஆகாது என்று உடன்படிக்கையும் கூறுகிறது. 2020ஆம் ஆண்டில் இந்தியா அவர்களுக்கெனப் பதிவு நிபந்தனைகளைத் தளர்த்தியது. வழி திறந்திருக்கிறது, அவ்வழியில் எத்தனை சிறியோர் நடக்கின்றனர் என்பதைக் குழு எண்ணிப் பார்த்துக் கொண்டேயிருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. ஏற்றுமதி, இறக்குமதி முறைகளின் விளக்கத்தை இயன்ற இடத்தில் உலக வணிக அமைப்பின் மொழிகளாகிய ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் இவற்றுள் ஒன்றிலும் தருக என்று உடன்படிக்கை கூறுகிறது. பிற நாட்டு வணிகனுக்கு இது துணையாகும். போச்சம்பள்ளி நெசவாளருக்கோ, திருப்பூர்ச் சிறு பட்டறைக்காரருக்கோ அவரவர் மொழியில் விதியைச் சொல்லுமாறு அது கேட்கவில்லை. அது தேசியக் குழு தானே உணர்ந்து செய்ய வேண்டிய பணி. புரியாத விதி எவ்வளவு சுருக்கமாயினும் சாவடியே. அதைப் படித்துச் சொல்ல இடைத்தரகர் வேண்டும். அவருக்குக் கூலி வேண்டும். அக்கூலி சிறியவனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட வரியாகிவிடும்.

கணபதிதேவன் தன் விதியைத் துறைமுகத்தின் நடுவே, வந்தவர் கண்ணிற்படும் கல்லில் பொறித்தான். மன்னனின் அருள் இன்று சட்டமாயிற்று. கல் இன்று கணினியாயிற்று. ஒருவன் வாக்கு இன்று பல துறைகள் கூடிய குழுவின் தீர்மானமாயிற்று. இம்மாற்றம் வரவேற்கத் தக்கதே. எனினும் குழுவின் வெற்றியை அது கூடிய நாட்களைக் கொண்டோ, வெளியிட்ட அறிக்கைகளைக் கொண்டோ அளத்தல் சாலாது. முதன்முறையாக ஒரு பெட்டிச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பத் துணியும் சிறு வணிகன், என்ன தாள் வேண்டும், எவ்வளவு செலுத்த வேண்டும், எப்போது கப்பலேறும் என்னும் மூன்று வினாக்களுக்கும் யாருடைய தயவுமின்றி விடை பெறுகின்றானா என்பதே அதற்குரிய அளவுகோல்.